பழைய சிட்காம் இன்றைக்கும் சிரிக்க வைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை திருநகரில் நாங்கள் சில குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே வீட்டு ஹாலில் உட்கார்ந்து பழைய காமெடித் தொடர்களைப் போட்டுப் பார்க்கிறோம். அப்பத்தாவும் இருப்பார், ப்ளஸ் டூ படிக்கிற பேத்தியும் இருப்பாள். புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பொதுவாகக் கேட்கிறேன், பழைய சிட்காமெல்லாம் இப்போது பார்த்தால் தாங்குமா?

நல்ல தொடர் என்றால் பெரும்பாலும் தாங்குகிறது, ஆனால் முழுசாக இல்லை. பத்து நிமிடம் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்போம், அடுத்த நிமிடமே எல்லோரும் முகம் சுளிக்கிற மாதிரி ஒன்று வரும். எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று கவனித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்கிற ஆள், அது வெளியே தெரியாமல் இருக்க அவர் படுகிற பாடு, கடைசியில் மாட்டிக்கொள்வது, இதற்கெல்லாம் வயசே ஆவதில்லை. ஒருவருடைய உடம்பையோ நிறத்தையோ பேச்சையோ காட்டி இதற்குச் சிரி என்று சொல்வதுதான் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

இரண்டும் ஒரே தொடரில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் பிபிசியின் 'ஃபால்டி டவர்ஸ்' போடுங்கள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே 12 எபிசோடுதான், ஜான் கிளீஸும் கானி பூத்தும் சேர்ந்து எழுதியது. கடலோர ஊரில் ஓட்டல் நடத்துகிற பாசில், பெரிய மனுஷன் வந்தால் குழைவார், சாதாரண ஆள் வந்தால் எரிந்து விழுவார், எதையாவது செய்துவிட்டு மனைவிக்குத் தெரியாமல் மறைக்கப் பார்ப்பார். இப்படி ஒரு முதலாளியை மதுரையில் லாட்ஜ் எடுத்துத் தங்கிய யாரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். அதனால் இங்கிலீஷ் பாதி புரியாதவர்களும் பாசிலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் அதே தொடரில் ஸ்பெயினிலிருந்து வந்த சர்வர் மேனுவல் இங்கிலீஷ் புரியாமல் முழிப்பதும் அதற்காக அடி வாங்குவதும் திரும்பத் திரும்ப வரும். சின்னப் பிள்ளைகள் அங்கே சிரிப்பதில்லை, "அவரை ஏன் அடிக்கிறாங்க?" என்று கேட்கிறார்கள்.

வடிவேலு காமெடியும் சிட்காமில் சேர்த்தியா? லொள்ளு சபா?

சேர்த்தி இல்லை. ஒரே வீடு அல்லது ஆபீஸ், அதே ஆட்கள், வாரம் ஒரு சிக்கல், எபிசோடு முடியும்போது கிட்டத்தட்ட பழைய நிலைமைக்கே திரும்புவது, இதுதான் சிட்காம். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' படங்களைக் கிண்டல் பண்ணிய நிகழ்ச்சி, மூலப்படம் தெரியாத பிள்ளைக்கு அதில் பாதி போய்விடும். வடிவேலு நம்ம ஊர்க்காரர், மதுரை வீடுகளில் டிவியில் தினமும் ஓடுவது அவர்தான், ஆனால் அது சினிமா காமெடி, அதைத் தனியாகப் பேச வேண்டும்.

கறுப்பு வெள்ளைக் காலத்துத் தொடரை இந்தக் காலத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்களா?

'ஐ லவ் லூசி' போட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். 1951இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் தொடங்கி 1957 வரை ஓடியது. 1952இல் வந்த ஒரு எபிசோடில் லூசியும் பக்கத்து வீட்டு எதெலும் சாக்லேட் கம்பெனியில் வேலைக்குச் சேர்வார்கள். ஓடுகிற பெல்ட்டில் சாக்லேட் வரும், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்ற வேண்டும், ஒன்றுகூடச் சுற்றாமல் போகக் கூடாது. பெல்ட் வேகமெடுத்ததும் வாயில் திணிப்பார்கள், சட்டைக்குள் போடுவார்கள், தொப்பிக்குள் ஒளிப்பார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மாள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தப்பவில்லை, பிரமாதம் என்று சொல்லி பெல்ட்டை இன்னும் வேகமாக ஓட்டச் சொல்வார். எங்கள் ஹாலில் அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தது ஒரு அப்பத்தா. பீடிக்கட்டு எண்ணிக் கொடுத்து வாழ்ந்தவருக்கு அந்தக் காட்சியை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படமும் பளிச்சென்று இருக்கும், அதற்குக் காரணம் உண்டு. அப்போது பல நிகழ்ச்சிகளை நேரடியாக ஒளிபரப்பிவிட்டு, ஓடுகிற திரையைப் படமெடுத்து மங்கலான பிரதியாகத்தான் வைத்துக்கொள்வார்கள். லூசியாக நடித்த லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாசும் முன்னால் ஜனங்களை உட்காரவைத்து, மூன்று கேமராவை வைத்து, சினிமாவுக்குப் போடுகிற 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் ஜெர்மனியில் பெரிய படங்கள் எடுத்தவர். ஃபிலிம் இருந்ததால்தான் மறு ஒளிபரப்பு, இன்றைக்கு நல்ல பிரதி எல்லாம்.

தாங்காததும் இதில் இருக்கிறது. சில எபிசோடுகளில் புருஷன் லூசியைக் குப்புறப் போட்டுக் குழந்தையை அடிக்கிற மாதிரி அடிப்பார், பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதே காலத்து 'ஹனிமூனர்ஸ்' இதைவிட மோசம், அதில் புருஷன் கோபம் வந்தால் மனைவியை ஒரே குத்தில் நிலாவுக்கு அனுப்புவேன் என்பார். அடிக்க மாட்டார், மனைவியும் பயப்பட மாட்டார், பதிலுக்கு நறுக்கென்று ஒன்று சொல்வார். இருந்தாலும் அந்த மிரட்டலை வீட்டில் நிஜமாகவே கேட்டு வளர்ந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வர வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

அந்தப் பின்னால் கேட்கிற சிரிப்புச் சத்தம் எரிச்சலாக இருக்கிறதே?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், அதிலும் காலேஜ் பிள்ளைகள் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எதிரே ஜனங்கள் உட்கார்ந்து உண்மையாகவே சிரித்தது. இன்னொன்று, ஜனமே இல்லாமல் எடுத்துவிட்டு அப்புறம் சேர்த்த சிரிப்பு. சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் இதற்கென்றே ஒரு பெட்டி செய்தார், டைப்ரைட்டர் மாதிரி விசைகள் இருக்கும், ஒன்றை அமுக்கினால் கிளுகிளுப்பு, இன்னொன்றை அமுக்கினால் கூரை அதிர்கிற சிரிப்பு. உண்மை ஜனங்கள் இருந்தால் நடிகர் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார், அதற்குள் முகத்தில் ஒன்று செய்வார், அதற்கு மறுபடி சிரிப்பார்கள். சத்தத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறும் ஓட்டையாக நிற்கும். அதனால் 'ஃப்ரெண்ட்ஸ்', 'சியர்ஸ்' போன்ற அமெரிக்கத் தொடர்களில் சிரிப்புச் சத்தத்தை நாடகக் கொட்டகையில் பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பாக எடுத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

பெட்டிச் சிரிப்பு வேறு விஷயம். கொரியப் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவ முகாமில் நடக்கிற 'மாஷ்' தொடரை (1972 முதல் 1983 வரை) எடுத்தவர்களுக்கே சிரிப்பு சேர்ப்பது பிடிக்கவில்லை. சேனல் விடவில்லை. கடைசியில் ஆபரேஷன் நடக்கிற காட்சிகளில் மட்டும் சேர்ப்பதில்லை என்று ஒப்பந்தமானது. இங்கிலாந்தில் பிபிசி அதைச் சிரிப்பே இல்லாமல் காட்டியது. நீங்களும் முடிந்தால் அப்படியே பாருங்கள், நகைச்சுவையும் துக்கமும் ஒரே மூச்சில் வரும், இன்றைக்கு எடுத்த மாதிரி இருக்கும்.

நம்ம தொடர்களில் சிரிப்புச் சத்தத்துக்கு மேல் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போடுவார்கள் பாருங்கள், ஒவ்வொரு ஜோக்குக்கும். அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. நடிகர் அருமையாகச் செய்த இடத்தை அது கெடுக்கிறது.

செல்போன் இருந்தால் பாதிக் கதை நடந்திருக்காதே, அது இடிக்காதா?

இடிக்கும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்கத் தொடரில் 1991இல் வந்த ஒரு எபிசோடு முழுக்கச் சைனீஸ் ஓட்டலில் டேபிளுக்குக் காத்திருப்பதுதான் கதை, அதில் ஒருவர் பொது டெலிபோனுக்காகத் தவிப்பார், வேறொருவர் போனை விடவே மாட்டார். ஒரு ரூபாய் காயின் பூத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தத் தவிப்பு உடனே புரியும். நிற்காதவர்களுக்கு முதல் இரண்டு நிமிடம் விளக்க வேண்டும், அப்புறம் தேவையில்லை, ஏனென்றால் நமக்குப் பின்னால் வந்தவருக்கு முதலில் இடம் கிடைத்தால் வருகிற கொதிப்பு அப்படியேதான் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிற யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டாம்.

'ஃப்ரெண்ட்ஸ்' என் பெண்ணுக்கு உயிர், ஆனால் அதில் தப்பு நிறைய என்று அவளே சொல்கிறாள். எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். 1994 முதல் 2004 வரை 236 எபிசோடு, முடியும்போது பிறந்திருக்காத பிள்ளைகள் இன்றைக்கும் வசனம் சொல்கிறார்கள். தனி வீடு எடுத்து நண்பர்களோடு சம்பாதித்துச் சாப்பிட்டு வாழ்கிற அந்த வாழ்க்கைமேல் உள்ள ஆசை அது, ஹாஸ்டலில் வார்டனிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வெளியே போகிற பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கனவு என்ன இருக்க முடியும்? அதே சமயம் மோனிகா குண்டாக இருந்த காலத்தைக் காட்டுகிற காட்சிகள், சாண்ட்லரின் பெற்றோரில் ஒருவர் திருநங்கை என்பதையே ஜோக்காக்குவது, நியூயார்க் மாதிரி ஊரில் முக்கிய நண்பர்கள் ஆறு பேரும் வெள்ளைக்காரர்களாக இருப்பது எல்லாம் இப்போது உறுத்துகிறது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்த்தா காஃப்மன் இந்தக் கடைசி விஷயத்துக்கு வருத்தம் தெரிவித்து, 2022இல் தான் படித்த பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்கப் படிப்புத் துறைக்கு 40 லட்சம் டாலர் கொடுப்பதாக அறிவித்தார். எடுத்தவரே இப்படி யோசிக்கும்போது பார்க்கிற பெண் யோசிப்பதில் தப்பே இல்லை. யோசித்துக்கொண்டே ரசிக்கலாம்.

தமிழ்த் தொடர்கள்?

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

நம்ம டிவி காமெடியின் வேர் சென்னை சபா நாடகத்தில் இருக்கிறது. எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' தூர்தர்ஷனில் வந்த காலத்திலிருந்து அப்படித்தான், கிரேசி மோகனின் தொடர்களும் அப்படித்தான். மயிலாப்பூர் வீடு, மாமா, மாமி, ஆள்மாறாட்டம், ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குத் தாவுகிற வசனம். வந்தாய்ங்க, போனாய்ங்க என்று பேசுகிற நம்ம வீடுகளில் அந்தப் பேச்சு யாரோ வேற்றூர் சொந்தக்காரர் வீட்டுப் பேச்சு மாதிரிதான் கேட்டது. ஆனாலும் கிரேசி மோகன் இங்கேயும் எடுபட்டார், 2019 ஜூன் 10 அன்று அவர் இறந்தபோது மயிலாப்பூர் பக்கமே போகாதவர்களும் வருத்தப்பட்டார்கள். அவர் வசனத்தில் யாரும் யாரையும் மட்டம் தட்டுவது குறைவு. ஆட்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், அந்தத் தப்பு வளர்ந்துகொண்டே போகும். அது இன்றைக்கும் பிசிறில்லாமல் நிற்கிறது. கஷ்டம் ஒன்றுதான், வேகம். பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு முதல் ஜோக் புரிவதற்குள் நான்காவது போய்விடும். நிறுத்தி நிறுத்திப் போடுங்கள்.

'ரமணி வெர்சஸ் ரமணி' எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கியது. புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி, வீட்டுக்குள் நடக்கிற சின்னச் சின்னச் சண்டைகள்தான் கதை. பிருத்விராஜும் தேவதர்ஷினியும் நடித்த பகுதியைத்தான் எங்கள் வீட்டில் அதிகம் பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்து நகைச்சுவையில் பெண்டாட்டி என்றாலே ஒன்று நச்சரிப்பாள், இல்லையென்றால் பூரிக்கட்டையைத் தூக்குவாள். இதில் அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அவனுக்கும் ஒன்று இருக்கிறது, இரண்டு பேருமே முட்டாள்தனம் பண்ணுவார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் எங்கள் ஹாலில் அதைப் பார்க்கும்போது ஒருவர் தொடையில் ஒருவர் இடித்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

சன் டிவியில் வந்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' இதற்கு நேர்மாறு, சத்தம் அதிகம், எல்லாம் மிகை. ஆனால் பட்டாபியாக வந்த எம்.எஸ். பாஸ்கரை மட்டும் கவனித்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லோரும் கத்திக்கொண்டிருக்க அவர் கண்ணையும் கழுத்தையும் வைத்தே ஒரு ஆளை உருவாக்கியிருப்பார். கூட இருந்த வசனங்கள் பழசாகிவிட்டன, பட்டாபி ஆகவில்லை.

ஒட்டுமொத்தமாக நம்ம தொடர்களில் இன்றைக்கு வலிக்கிற இடங்கள் மூன்று: கறுப்பு நிறம், குண்டு உடம்பு, வேலைக்காரப் பெண்ணின் பேச்சு. யார் பதிலுக்குப் பேச முடியாதோ அவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிற ஜோக்குகள் இவை. அப்போதும் இவை வலித்திருக்கும், வலித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தி தெரியாமல் மதுரையில் இந்தி சிட்காம் பார்த்தோம் என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா?

உண்மை. எண்பதுகளில் ராத்திரியானால் தேசிய ஒளிபரப்பு, அது இந்தி, வேறு சேனல் கிடையாது. தென் மாவட்டங்களில் உயரமான ஆன்டெனா வைத்து, காற்று ஒத்துழைத்தால் இலங்கையின் ரூபவாஹினி பிடிப்பார்கள், இல்லாவிட்டால் இருப்பதைப் பார்க்க வேண்டியதுதான். 1984இல் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி'யில் சதீஷ் ஷா வாரா வாரம் வேறு வேறு வேடத்தில் வருவார், இந்த வாரம் என்ன வேடம் என்று பார்க்கவே உட்கார்வார்கள். 1988இல் வந்த 'வாக்ளே கீ துனியா' ஆர்.கே. லட்சுமணின் பாத்திரங்களை வைத்து எடுத்தது. சம்பளக்கார மனிதன், மாதக் கடைசி, பக்கத்து வீட்டுத் தொல்லை. இன்றைக்குப் போட்டால் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் அஞ்சன் ஸ்ரீவாஸ்தவின் அந்தத் தயங்கின முகம் இருக்கிறதே, அதற்காகவே பார்க்கலாம்.

பிள்ளைகளோடு பார்க்கும்போது மோசமான ஜோக் வந்தால் என்ன செய்வது? வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள், நிறுத்திப் பேசுங்கள்.

2020 ஜூனில் 'ஃபால்டி டவர்ஸி'ன் ஜெர்மானியர்கள் வருகிற எபிசோடை இங்கிலாந்தில் ஒரு ஸ்ட்ரீமிங் தளம் எடுத்துவிட்டது. அதில் வயதான ராணுவ மேஜர் ஒருவர் இனத்தைக் குறித்துக் கேவலமான சொற்களைச் சொல்வார். சில நாளிலேயே முன்னால் ஒரு எச்சரிக்கை சேர்த்துத் திரும்பவும் போட்டார்கள். அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

அதே நேரம், எல்லாவற்றுக்கும் அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அமெரிக்காவில் 1971இல் நார்மன் லியர் எடுத்த 'ஆல் இன் த ஃபேமிலி'யில் ஆர்ச்சி பங்கர் வாயைத் திறந்தாலே வெறுப்புத்தான், ஆனால் கதை அவரைத்தான் மடக்கும், மகளும் மருமகனும் எதிர்த்துப் பேசுவார்கள். 1977இல் இங்கிலாந்தில் வந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வந்த வெளிநாட்டவர்களின் வகுப்பு, நம்ம ஆட்களும் அதில் உண்டு. அதில் ஒவ்வொருவரும் தன் நாட்டுக்கென்று மற்றவர்கள் வைத்திருக்கிற ஒரே ஒரு பொம்மை. அது நின்றதற்கே அந்தச் சேனலில் இருந்தவருக்கு அது அவமானமாகத் தோன்றியதுதான் காரணம். ஆக, அதே காலத்திலும் யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு அண்ணன் எங்களோடு அதைப் பார்த்தார். அங்கே போன புதிதில் தன் இங்கிலீஷுக்கு எல்லோரும் சிரித்ததை அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னார். பிள்ளைகள் தொடரை விட்டுவிட்டு அவரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். வெட்டியிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

ஒரே நாளில் வரிசையாகப் பத்து எபிசோடு பார்க்கலாமா?

வேண்டாம். வாரம் ஒன்று என்று எழுதப்பட்டவை இவை, அதனால்தான் அதே வசனம், அதே கோபம், அதே கதவு திறப்பு திரும்ப வரும். ஏழு நாள் இடைவெளியில் அது பழைய ஆளைப் பார்த்த சந்தோஷம், ஏழு நிமிட இடைவெளியில் சலிப்பு. ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

டிவியில் போட்டால் எல்லோரும் குட்டையாகவும் குண்டாகவும் தெரிகிறார்களே?

பழைய டிவித் திரை 4:3 அளவு, இப்போதைய டிவி 16:9. உங்கள் டிவி படத்தை இழுத்து நிரப்புகிறது. ரிமோட்டில் பட அளவை 4:3 அல்லது ஒரிஜினல் என்று மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது இருக்கட்டும். இன்னொரு தொல்லை, தளங்களே மேலும் கீழும் வெட்டிவிட்டுப் போடுவது. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் 'சைன்ஃபெல்ட்' வந்தபோது ரோட்டில் உள்ள ஒரு குழியைப் பற்றிய எபிசோடில் அந்தக் குழியே வெட்டுப்பட்டுப் போனது.

முதலில் எதைப் போடுவது?

கலவையான கூட்டம் என்றால் லூசியின் சாக்லேட் எபிசோடு, அப்புறம் 'ரமணி வெர்சஸ் ரமணி', இங்கிலீஷ் ஓரளவு தெரிந்தவர்கள் இருந்தால் இங்கிலாந்துத் தொடரான 'யெஸ் மினிஸ்டர்'. அந்தக் கடைசித் தொடரில் மந்திரியைத் தன் வழிக்குக் கொண்டுவரும் அதிகாரியைப் பார்த்து, கலெக்டர் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் எங்கள் ஹாலில் எழுந்து நின்று கை தட்டினார்.

எங்கள் வீட்டுப் பரணில் அப்பா ரெக்கார்டு பண்ணின வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. தூக்கிப் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். லூசியை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துவிடலாம், நம்ம தொடர்களில் பலவற்றை இன்றைக்கு எங்கேயும் முழுசாகப் பார்க்க முடிவதில்லை. தாங்குமா தாங்காதா என்று சொல்வதற்குக்கூட முதலில் கையில் இருக்க வேண்டுமே.

கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள், டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில், அதாவது கேசட் ஓட்டுகிற பெட்டியில், போட வேண்டாம், டேப்பும் போகும், டெக்கின் ஹெட்டும் அழுக்காகி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பதை நிற்கவைத்து, ஓட்டுக்கூரைச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்களில் சிலர் இன்னும் டெக் வைத்திருக்கிறார்கள், கேசட்டிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றித் தருவார்கள், பக்கத்தில் விசாரியுங்கள். மாற்றும்போது நடுவில் வருகிற விளம்பரங்களையும் செய்தித் துணுக்குகளையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்தச் சேனல், எந்த வருஷம் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் அவைதான் உதவும்.